மென்பொருள் சோதனையாளர் தொழில் கற்கும் விதம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படும் பழமொழி. பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஆகவே அகப்பையில் எடுத்த ஒரு பருக்கை வெந்திருந்தால் எஞ்சியவையும் வெந்திருக்கும் என்று துணியலாம். இப்பழமொழி செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே கணிப்பொறிக்கு எழுதப்படும் மென்பொருள். அங்கே ஆயிரம் பருக்கைகள் பதமாக வெந்திருக்க, ஆயிரத்தோராவது பருக்கை வேகாமலே கிடக்கும். அது எவர் இலையில் விழும் என்றும் சொல்ல இயலாது. அந்த ஒரு பருக்கையைத் தேடி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் மென்பொருள் சோதனையாளர். அலுவலக வழக்கில் அவர் 'டெஸ்டர்'.

நம்முடையது போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் பயின்று வெளியேறும் மாணவ மாணவியருள் பலர், சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உள்ள நிறுவனங்களில் இப்பணியில் அமர்கின்றனர். கணிப்பொறி அறிவியல் பயின்றோர் மட்டுமல்லர்; கணிதம், இயற்பியல், வணிகவியல் பயின்றோரும் அவருள் உளர். ஆயினும் இத்தொழில் பற்றி வகுப்பறையில் அவர்கள் கேட்டறிந்தது மிகக் குறைவு. மென்பொருள் பொறியியல் என்னும் தாளில் ஓர் அலகின் பகுதியாக அது வந்து போகிறது. கறுப்புப் பெட்டிச் சோதனை, வெள்ளைப் பெட்டிச் சோதனை என்று வரையறை எழுதி மதிப்பெண் பெற்றவர், ஒரு வங்கியின் மென்பொருள் முன் முதல் நாள் அமர்த்தப்பட்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கிறார். அத்திகைப்பிலிருந்து அவர் தேர்ச்சிக்குச் செல்லும் வழி யாது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள். 'டெவலப்பர் ஆக முடியாதவர்தாம் டெஸ்டர் ஆவார்' என்றொரு பேச்சு நம் விடுதிகளில் உலவுவதையும் அறிவேன். அது எவ்வளவு பொருந்தும் என்பதைப் படிப்போரே முடிவு செய்யட்டும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டி விடை சொல்லும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் 32 பிட் அளவினது. எனின் அதற்குக் கொடுக்கக்கூடிய எண் இணைகளின் தொகை இரண்டின் 64-ஆம் அடுக்கு. நொடிக்குப் பத்து லட்சம் இணைகள் வீதம் இரவும் பகலும் ஓயாது சோதித்தாலும் வேலை முடிய 5,80,000 ஆண்டுகளுக்கு மேலாகும். கூட்டல் ஒன்றுக்கே இந்நிலை எனில், இரயில் முன்பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன சொல்வது! சோதனை பிழையின் இருப்பைக் காட்டக்கூடுமேயன்றி, இன்மையை நிறுவாது என்று டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தது இதனால்தான். எனவே சோதனையாளரின் தொழில் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் தொழில். கணக்கற்ற உள்ளீடுகளில் எந்த இருபதைக் கொடுத்தால் பிழை வெளிப்படும் என்று மணம் பிடிக்கும் திறமையே அவரது முதல்.

இத்திறமை படித்தவுடன் வந்துவிடுவதன்று என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் என்பார் 1979-இல் மென்பொருள் சோதனைக் கலை பற்றி எழுதிய நூலின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி தருகிறார். ஒரு நிரல் மூன்று முழு எண்களைப் பெறுகிறது. அவற்றை ஒரு முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு அது சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா, அசமபக்க முக்கோணமா என்று விடை சொல்கிறது. இதைச் சோதிக்க என்னென்ன எண்கள் கொடுப்பீர்கள்? மையர்ஸ் 14 கேள்விகள் வைத்து விடைத்தாளைத் திருத்துகிறார். அனுபவம் மிக்க நிரலாளர்கள் பெற்ற சராசரி 14-க்கு 7.8 மட்டுமே என்கிறார். இப்பக்கத்தை இங்கே நிறுத்தி, ஒரு தாளில் நீங்களும் எழுதிப் பாருங்கள். விடை கட்டுரையின் இறுதியில் உள்ளது.

முதல் மாதங்கள்

பணியில் சேர்ந்த புதியவருக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படுவது பிறர் எழுதி வைத்த 'டெஸ்ட் கேஸ்' தொகுதி. இந்தப் பக்கத்தைத் திற, இந்தத் தொகையை இடு, இந்தப் பொத்தானை அழுத்து, இன்ன செய்தி வரவேண்டும் என்று வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். வந்தால் 'பாஸ்', வராவிட்டால் 'ஃபெயில்'. நிரலாளர் திருத்திய புதிய 'பில்ட்' வரும்போதெல்லாம், முன்பு ஓடியது இப்போதும் ஓடுகிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து பார்க்கவேண்டும். இதற்கு 'ரிக்ரஷன்' என்று பெயர். முந்நூறு வரிகளை மூன்றாம் முறை ஓட்டும்போது எவருக்கும் சலிப்புத் தட்டும் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்த இடத்தில்தான் இருவகை மனிதர் பிரிகின்றனர். ஒருவர் வரியில் கேட்டதை மட்டும் பார்த்துக் குறியிட்டுச் செல்கிறார். மற்றவர், கேட்ட செய்தி வந்ததையும் பார்க்கிறார். அதே வேளையில் பக்கம் திறக்க வழக்கத்தைவிட நேரமானதையும், தொகையின் காற்புள்ளி இடம் மாறியதையும், 'பின்செல்' பொத்தானை அழுத்தினால் பணம் இருமுறை கழியுமோ என்பதையும் கவனிக்கிறார். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் போல்டன் 2009-இல் இவ்வேறுபாட்டுக்குப் பெயரிட்டார்: முன்னவர் செய்வது சரிபார்த்தல், பின்னவர் செய்வது சோதித்தல். சரிபார்த்தலை எந்திரத்திடம் ஒப்படைக்கலாம், ஒப்படைத்தும் வருகிறார்கள். இரண்டாவதை ஒப்படைப்பது அத்தனை எளிதன்று.

அந்த இரண்டாம் வகைக் கண் எப்படி வாய்க்கிறது? மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன், எஞ்சின் ஓசை கேட்டே கோளாறு சொல்லும் நிலைக்கு வருவதைப் போலத்தான். பக்கத்தில் அமர்ந்த மூத்தவரின் கை எங்கே போகிறது என்று பார்க்கிறார். வயது கேட்கும் கட்டத்தில் அவர் 25 என்று இடுவதில்லை. 17, 18, 0, −1 என்று இட்டு, பின் ஒன்றுமே இடாமல் விட்டு, அதன்பின் 'இருபது' என்று எழுத்தால் இடுகிறார். ஏன் என்று கேட்டால் முதலில் சிரிக்கிறார். பிறகு ஒரு பழைய கதை சொல்கிறார். தொழிலின் பாடநூல் பெரும்பாலும் இக்கதைகளே.

எல்லைகளும் நாட்களும்

அக்கதைகளில் பெரியது ஆரியான் கதை. ஐரோப்பிய நாடுகளின் ஆரியான்-5 ஏவுகலம் 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் திசை தடுமாறிச் சிதறியது. உள்ளிருந்த நான்கு ஆய்வுச் செயற்கைக் கோள்களும் அழிந்தன. காரணம், கலத்தின் கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் எண்ணாக மாற்றிய கட்டளை. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய குறியுள்ள எண் 32,767. ஆரியான்-4 கலத்துக்கு அந்நிரல் எழுதப்பட்டபோது மதிப்பு அவ்வெல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை. புதிய கலம் தொடக்கத்திலேயே கூடுதல் கிடைவேகம் பெற்றது. மதிப்பு எல்லையைத் தாண்டியது. விசாரணைக் குழு கண்ட குறைகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: அந்தக் கருவியைப் புதிய கலத்தின் பறக்கும் பாதையைக் கொண்டு எவரும் சோதிக்கவில்லை. பழைய இடத்தில் நன்றாக ஓடியதே என்ற நம்பிக்கை சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நாட்காட்டி இன்னொரு கண்ணி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சூன் என்னும் இசைக்கருவியில் 30 ஜிபி வகை முழுதும் 2008 டிசம்பர் 31 அன்று உறைந்து நின்றது. அது லீப் ஆண்டின் 366-ஆம் நாள்; அந்நாளைக் கணக்கிடும் கட்டளைச் சுழல் முடிவே இல்லாமல் சுற்றியது. மறுநாள் கருவிகள் மீண்டும் உயிர் பெற்றன. பிப்ரவரி 29-ஐச் சோதிக்க எல்லாருக்கும் தோன்றும். லீப் ஆண்டின் டிசம்பர் 31-ஐச் சோதிக்க, இக்கதையைக் கேட்டவருக்கே தோன்றும். நல்ல சோதனையாளர் ஒவ்வொருவரிடமும் இத்தகைய நாட்களும் எண்களும் எழுதிய குறிப்பேடு ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும். 2038 ஜனவரி 19 அதில் ஒரு வரி. அன்று, நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகளின் கடிகாரம் நிரம்பி வழியும்.

டைலர் நகரத்து மருத்துவமனை

நிற்க. பிழை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் அதை மறுபடி வரவழைக்க முடியாமற்போவது இத்தொழிலின் பெருஞ்சோதனை. 'என் கணிப்பொறியில் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது நிரலாளர் வாயிலிருந்து நாளும் கேட்கும் வாசகம். அவ்வாசகம் எத்துணைக் கொடிதாகக்கூடும் என்பதற்கு தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரத்தின் வரலாறு சான்று.

கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த அந்த எந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றுள் இரண்டு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நேர்ந்தவை. 1986 மார்ச் 21 அன்று எந்திரத்தை இயக்கியவர், எலெக்ட்ரான் சிகிச்சைக்கு உரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ் கதிருக்கு உரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே சென்று திருத்தி, மற்ற வரிகளை விரைவாகத் தாண்டி வந்து சிகிச்சையைத் தொடங்கினார். 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் திரை சொன்னது. பழக்கப்பட்ட சிறு கோளாறு என்றெண்ணித் தொடரும் விசையை அழுத்தினார். 180 ராட் பெறவேண்டிய நோயாளி பெற்றது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டனர். ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தனர். அவர்களால் அந்த 54-ஐ வரவழைக்க முடியவில்லை. ஏப்ரல் 7 அன்று எந்திரம் மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரல் 11 அன்று அதே இயக்குநர், அதே திருத்தம், அதே 54, இன்னொரு நோயாளி. அவர் மூன்று வாரங்களில் மாண்டார்.

இப்போது அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் செய்ததைச் சோதனையாளராக விழைவோர் வரிவரியாகப் படிக்கவேண்டும். அவர் எந்திரத்தை உடனே நிறுத்தினார். இயக்குநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அதை அவரைக்கொண்டே திரும்பத் திரும்பச் செய்வித்தார். என்ன தட்டினார் என்பது மட்டும் போதவில்லை. எவ்வளவு வேகமாகத் தட்டினார் என்பதே திறவுகோல் என்று கண்டார். எந்திரத்தின் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 வினாடிகள் ஆகும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டால் அத்திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி அறிவதே இல்லை. விரும்பியபோதெல்லாம் 54-ஐ வரவழைக்கும் நிலைக்கு இருவரும் வந்தனர். தன்னால் முடியவில்லை என்று நிறுவனத்துப் பொறியாளர் சொல்ல, விரைவாகத் தட்டிப் பாருங்கள் என்று ஹேகர் விளக்கினார். அதன் பிறகே அங்கும் அது வந்தது. நிதானமாக ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்த வல்லுநர்க்கு அகப்படாத பிழை, நாள்தோறும் அவ்வேலையைச் செய்து கைபழகியவரின் வேகத்துக்கே அகப்பட்டது.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கிளைக்கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டால் மாணவராகிய நாம் சற்றுத் தலைநிமிரலாம். இதே பிழை, முந்தைய எந்திரமான தெராக்-20-இலும் இருந்தது. அதில் தனியே மின்காப்பு அமைப்பு இருந்தமையால் ஃபியூஸ் எரிந்து நின்றுவிடுமேயன்றி எவர்க்கும் தீங்கில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மையத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் அணி வந்ததும் வாரத்துக்கு மூன்று முறை ஃபியூஸ் போகும்; அவர்கள் பழகப் பழகக் குறையும்; அடுத்த அணி வந்ததும் மீண்டும் தொடங்கும். டைலர் செய்தி வந்தபின், அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிராங்க் போர்கர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார். எதை எந்த வரிசையில் இடவேண்டும் என்ற கட்டுப்பாடு அறியாத கைகள், கட்டுப்பாட்டுக்குப் புறம்பான வழிகளில் புகுந்தன, பிழையை எழுப்பின. டைலரில் தேர்ந்த கை, சிக்காகோவில் தேராத கை. சோதனையாளர் இவ்விரு கைகளையும் தமக்குள் வைத்திருக்கவேண்டியவர். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் 'இது எனக்குப் புரியவில்லையே' என்று கேட்கும் கேள்விகளை, அறியாமை என்று ஒதுக்காமல் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மூத்தவர் அறிவாளி. ஆறு மாதங்களில் அக்கேள்விகள் அவருக்கே மறந்துபோகும்.

எழுத்தும் சொல்லும்

கண்ட பிழையை எழுதிக் காட்டுவது வேறொரு கலை. 'லாகின் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரியில் எழுதுபவர் நிரலாளரிடம் பகையையே சம்பாதிக்கிறார். எந்த பில்ட், எந்த உலாவி, என்னென்ன செய்தேன், என்ன வரும் என எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்பவை இருக்கவேண்டும். பத்துப் படிகளில் கண்டதை மூன்று படிகளில் வரவழைக்க முடியுமா என்று குறைத்துப் பார்க்கவேண்டும். ஓர் அறிக்கையில் ஒரு பிழையே இருக்கவேண்டும். செம் கேனர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இதனைப் பிழைக்காக வாதாடுதல் என்றே கருதுகிறார். நிரலாளருக்கு ஆயிரம் வேலை இருக்க, இதை ஏன் முதலில் திருத்தவேண்டும் என்று அவர் மனங்கொள்ளச் செய்வது அறிக்கையின் கடமை. தமிழிலோ ஆங்கிலத்திலோ நான்கு தெளிவான வாக்கியம் எழுத வராதவர் இத்தொழிலில் முன்னேறுவது கடினம். கலைக் கல்லூரி மாணவர்க்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு என்பது என் எண்ணம்.

கேடு பெரிதா, அவசரம் பெரிதா என்று பிரித்தறிவதும் பணியிடத்தில்தான் வரும். முகப்புப் பக்கத்தில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டால் கணக்கு எதுவும் கெடாது. எனினும் அன்று மாலைக்குள் திருத்தியாக வேண்டும்.

நம் மொழியறிவும் இத்தொழிலில் கருவியாகிறது. 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயர் நம் கணக்கில் 9 எழுத்து. யூனிக்கோடு முறையில் அது 16 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 48 பைட்டுகள். 40 பைட்டுக்கு மேல் வெட்டிவிடும் கட்டத்தில் இப்பெயரை இட்டால் 'மீனாட்சிசுந்த' என்பதோடு நின்று, அதன்பின் சிதைந்த குறியொன்று தோன்றும். 'கொ' என்ற எழுத்தைக் க-வுடன் ஒரே குறியாகவும் சேர்க்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் அவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் 'கொடைக்கானல்' என்று தேடுபவருக்கு இல்லை என்றே விடை வரும். தலைப்பெழுத்தோடு ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் நம்மவரைக் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று தடுத்து நிறுத்தும் படிவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. இவற்றை எந்த நூலும் கற்பிக்குமுன், பெயரெழுதிப் பார்த்த தமிழ் மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

கற்றுக்கொடுப்போர்

சான்றிதழ்த் தேர்வுகள் உண்டு. 2002-இல் தோன்றிய ஐஎஸ்டிக்யூபி என்னும் பன்னாட்டு அமைப்பின் தேர்வு நம் நாட்டிலும் நடக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கையில் அது உதவவும் கூடும். சொற்களைப் பொதுவாக்கியது அதன் நன்மை. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவது கைத்திறனுக்கு அளவுகோலாகாது. நீந்தத் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வில் அறிய முடியுமா?

இதற்கு மறுதலையாக நிற்பவர் ஜேம்ஸ் பாக். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். 1987-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சோதனைப் பணியில் சேர்ந்து, தாமே கற்று, பின்னாளில் பலர்க்கும் ஆசிரியரானவர். அவரும் அவர் சகோதரர் ஜோனதனும் 2000-ஆம் ஆண்டளவில் ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்துக்காக வகுத்த முறை எளியது. இன்ன பகுதியில் இன்ன ஆபத்தைத் தேடுவேன் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, சுமார் தொண்ணூறு நிமிடம் இடையூறின்றிச் சோதிக்கவேண்டும், குறிப்பெடுக்கவேண்டும், முடிந்ததும் மூத்தவரிடம் அமர்ந்து என்ன செய்தேன், ஏன் செய்தேன், எதை விட்டேன் என்று சொல்லவேண்டும். எழுதிய வரிகளை ஓட்டாமல், கற்றலும் வகுத்தலும் சோதித்தலும் ஒன்றாய் நடக்கும் இத்தேடலுக்குச் செம் கேனர் 1980-களிலேயே பெயர் சூட்டியிருந்தார். முடிவில் நடக்கும் அந்த உரையாடலே இதில் உயிரானது என்பேன். 'எதை விட்டாய்?' என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லப் பழகியவர் வேகமாக வளர்கிறார்.

2009-இல் பெங்களூரில் சோதனையாளர் சிலர் விடுமுறை நாளில் இணையவழி கூடி, ஏதேனும் ஒரு மென்பொருளை எடுத்து ஒன்றாகச் சோதித்து, பிறகு விவாதிக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். 'வீக்எண்ட் டெஸ்டிங்' என்ற பெயரில் அது பிற நாடுகளுக்கும் பரவியது. கட்டணமில்லை, பட்டமில்லை. அலுவலகத்தில் நல்ல மூத்தவர் வாய்க்காதவர்க்கு இத்தகைய கூட்டம் அவ்விடத்தை நிரப்புகிறது.

இன்று நிரலின் பகுதிகளை எழுதவே செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. சோதனை வரிகளையும் அவை எழுதுகின்றன. ஆதலால் டெஸ்டர் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. வரியை ஓட்டிக் குறியிடும் வேலை குறையும் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆயினும் எந்திரம் எழுதியதையும் எவரேனும் ஐயுற்றுப் பார்க்கவேண்டும். இயக்குநரின் அருகில் அமர்ந்து 'எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள்?' என்று கேட்கும் வேலை இன்னும் மனிதரிடமே உள்ளது.

இனி முக்கோணத்தின் விடை. சரியான அசமபக்க முக்கோணம் ஒன்று: 3, 4, 5. சமபக்கம்: 5, 5, 5. இருசமபக்கம்: 5, 5, 8, அதன் மற்ற இரு வரிசைகளும். ஒரு பக்கம் சுழியமாக, பிறகு எதிர்ம எண்ணாக. இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக: 2, 5, 7, அது நேர்கோடேயன்றி முக்கோணமன்று, அதன் வரிசைகளும். கூட்டுத்தொகை குறைவாக: 2, 5, 9, அதன் வரிசைகளும். மூன்றும் சுழியமாக. தசம எண்ணாக. மூன்றுக்குப் பதில் இரண்டே எண்களாக. ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய விடையை முன்கூட்டியே எழுதினீர்களா என்பது பதினான்காவது கேள்வி. பலரும் மதிப்பெண் இழப்பது அதில்தான். மையர்ஸ் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கலாம். அடுத்த ஆய்வக வகுப்பில் ஜாவா மொழியில் இந்நிரலை எழுதும் நண்பரிடம் மூன்று பக்கங்களுக்கும் 2147483647 என்று கொடுங்கள். இரு பக்கங்களைக் கூட்டியதும் 32 பிட் நிரம்பி வழிந்து தொகை −2 ஆகும். அவர் அதைக் கவனித்து எழுதியிராவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சமபக்க முக்கோணத்தை நிரல் முக்கோணமே அன்று என்று மறுத்துவிடும். பைத்தான் மொழியில் எழுதியவர்க்கு இத்தொல்லை இல்லை. அவருக்கு வேறு எண் தேடவேண்டும்.